பிரேசிலின் எத்தனால் கார்கள்

கரும்புச் சாற்றை நொதிக்கவைத்து வடித்தெடுக்கும் எத்தனாலைக் கொண்டு ஓடும் கார்கள் இவை. ஒரு மாற்று எரிபொருளை நாடே ஏற்று, கைவிட்டு, மீண்டும் ஏற்ற அரிய வரலாறு இவற்றுக்கு உண்டு.

தோற்றம்
பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்க வேண்டும் என்று 1931இலேயே பிரேசிலில் ஆணை பிறந்தது. ஆனால் 1973இல் கச்சா எண்ணெய் விலை பல மடங்கு ஏறிய பிறகுதான் அது பெரிய திட்டமாக வளர்ந்தது. அப்போது பிரேசில் தன் எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இறக்குமதி செய்துவந்தது. அதிபர் எர்னஸ்டோ கெய்சலின் அரசு 1975 நவம்பர் 14 அன்று 'புரோஆல்கோல்' திட்டத்தைத் தொடங்கியது. பொறியாளர் உர்பானோ ஸ்டம்ஃப் எத்தனால் எஞ்சின் ஆய்வை முன்னின்று நடத்தினார். முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 கார் 1979இல் விற்பனைக்கு வந்தது.

ஏற்றமும் சரிவும்
வரிச்சலுகையும் மலிவான எரிபொருளும் மக்களை ஈர்த்தன. 1980களின் நடுவில் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனால் கார்களே. 1986இல் எண்ணெய் விலை விழுந்ததும் அரசின் ஆதரவு தளர்ந்தது. சர்க்கரைக்கு நல்ல விலை கிடைத்ததால் ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1989இல் பங்க்குகளில் எத்தனால் தட்டுப்பாடு வந்தது. அரசை நம்பி வண்டி வாங்கிய குடும்பங்கள் தவித்தன. 1990களின் பிற்பகுதியில் எத்தனால் கார் விற்பனை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது.

ஃப்ளெக்ஸ் கார்
2003 மார்ச்சில் வோக்ஸ்வாகன் 'கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ்' காரை வெளியிட்டது. பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த அளவில் கலந்து ஊற்றினாலும் இது ஓடும். புகைபோக்கியிலுள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவீட்டைக் கொண்டு கலவையைக் கணினி கணித்து, எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றிக்கொள்ளும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் சுமார் 70 விழுக்காடு. அதனால் எத்தனால் விலையும் பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அதைப் போடுவது லாபம். பிரேசில் வண்டிக்காரர்களுக்கு இது மனக்கணக்கு. சில ஆண்டுகளிலேயே புதிய கார்களில் பெரும்பாலானவை ஃப்ளெக்ஸ் கார்கள் ஆயின.

2019இல் டொயோட்டா ஃப்ளெக்ஸ் எஞ்சினையும் மின்மோட்டாரையும் இணைத்த கொரோலாவை அங்கே அறிமுகப்படுத்தியது. உலகின் முதல் ஃப்ளெக்ஸ் ஹைபிரிட் கார் அதுவே.

வாங்குவோர் மனநிலை
எத்தனாலை மட்டுமே நம்பியிருந்த காரை மக்கள் ஒதுக்கினார்கள். அதே எத்தனாலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தங்களிடமே விட்ட காரை விரும்பி வாங்கினார்கள். எந்த மாற்று எரிபொருளைக் கொண்டுவரும் நாடும் மனத்தில் கொள்ளவேண்டிய அனுபவம் இது.