ஹவாய் கிட்டாரின் கல்கத்தா வழி

மடியில் கிடத்தி வாசிக்கப்படும் சறுக்குக் கிட்டார் இந்தியாவில் வேரூன்றிய வரலாறு பெரும்பாலும் பிரிஜ் பூஷண் காப்ராவில் தொடங்கி, 1994இல் விஸ்வ மோகன் பட் பெற்ற கிராமி விருதில் முடிக்கப்படுகிறது. ராகம் வாசித்தோர் வரலாற்றில் இடம்பெற, நடன இசையும் மெல்லிசையும் வாசித்தோர் விடுபட்டுப்போயினர். அவர்களுள் பலர் கல்கத்தாக்காரர்கள்.

கருவி ஹவாயில் பிறந்தது. ஓவாஹுத் தீவிலுள்ள லாயியே என்னும் ஊரின் ஜோசப் கெகுகு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தந்திகள்மீது எஃகுத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பதே பரவலாக ஏற்கப்படும் செய்தி. இந்தியாவில் பிறந்து ஹவாய் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவரே முன்னோடி என்றொரு கூற்றும் உண்டு. விசித்திர வீணையையும் நம் கோட்டுவாத்தியத்தையும் சான்றாகக் காட்டி இக்கூற்றுக்கு வலுச்சேர்க்க விரும்புவோர் இங்கு உண்டு. சறுக்கும் உத்தி இங்கும் வழங்கியது என்பது வேறு. இங்கிருந்தே அங்குச் சென்றது என்பது வேறு. முன்னது உண்மை, பின்னது நிறுவப்படாதது.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்குப் பின் ஹவாய் இசை அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. ஜாஸ் குழுவின் ஊதுகருவிகளுக்கு நடுவே மரக் கிட்டாரின் ஒலி அமுங்கிப்போயிற்று. 1927இல் ஜான் டொப்யேரா, உலோக உடலுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்றைப் பொருத்தி ரெசனேட்டர் கிட்டாரை வடிவமைத்தார். அதில் ஜாஸ் வாசித்துப் புகழ்பெற்ற சோல் ஹூபி ஹவாய்க்காரரே. 1930களின் தொடக்கத்தில் மின்கிட்டார் வணிகமயமானபோது அதன் முதல் வெற்றிகரமான வடிவமும் மடிக் கிட்டாராகவே இருந்தது.

சமோவாவில் பிறந்து லாயியேயில் வளர்ந்த டாவ் மோ, 1928இல் மனைவி ரோஸுடன் ஒரு கலைக்குழுவில் சேர்ந்து ஹவாயை விட்டுப் புறப்பட்டார். நாடு நாடாகச் சென்ற இக்குடும்பம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்கத்தாவில் தங்கியது. டெடி வெதர்ஃபோர்டு போன்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஓட்டல்களில் வாசித்துவந்த நகரம் அது. அங்கு டாவ் மோ மேடையில் வாசித்ததோடு நில்லாமல் மாணவர்களுக்கும் கற்பித்தார். அவரிடம் பயின்ற கார்னி நிஸ், 'அலோஹா பாய்ஸ்' குழுவை நடத்தினார். பின்னர் சுனில் கங்குலி, பட்டுக் நந்தி, நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தர் ஆகியோர் வாயிலாக அக்கருவி ரவீந்திர சங்கீதத்துக்கும் நஸ்ருல் கீதத்துக்கும் திரைப்பாட்டுக்கும் உரியதாயிற்று.

இந்த ஏற்புக்குக் காரணம் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. சுரங்களுக்கு இடையிலான நெகிழ்வைத் தராதது என்பது உள்ளிட்ட காரணங்களால் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. கிட்டாரும் மெட்டுகள் பதித்த மேனாட்டுக் கருவிதான். ஆனால் எஃகுத் துண்டு தந்தியின் மேல் வழுக்கும்போது மெட்டுகள் வெறும் அடையாளக் கோடுகளாகிவிடுகின்றன. மீண்டும் ஜாருவும் கைகூடுகின்றன. அலி அக்பர் கானிடம் பயின்ற காப்ரா இவ்வாய்ப்பை ராக இசைக்குக் கொண்டுசென்றார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' அதனைப் பரவலாக்கியது. இச்சாதனையைக் குறைத்துக் கூற வேண்டியதில்லை. எனினும், வங்காள வீடுகளில் பாட்டு வாத்தியார்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துவந்த கருவியை 'மெல்லிசை' என்று ஒதுக்கிவிட்டு, செவ்வியல் மேடை ஏறிய நாளிலிருந்து அதற்கு வயது கணக்கிடுவது, இசை வரலாற்றைச் செவ்வியல் மேடையின் பதிவேடாகச் சுருக்குவதாகும்.

பிற்காலத்தில் டாவ் மோ லாயியேக்கே திரும்பினார். அமெரிக்க ரெசனேட்டர் கலைஞர் பாப் பிராஸ்மன் அக்குடும்பத்தோடு சேர்ந்து பழைய பாடல்களை மீண்டும் பதிவுசெய்த இசைத்தொகுப்பு 1989இல் வெளிவந்தது. அதே பிராஸ்மன் 2003இல் வெளியான 'மஹிமா' தொகுப்பில் இணைந்து வாசித்தவர், காப்ராவின் மாணவரும் கல்கத்தாக்காரருமான தேபாஷிஷ் பட்டாச்சார்யா.