கோட்டை போன பின்பு

கடலூரின் சரித்திரத்தை அறியும் ஆவலோடு வருவோர் முதலில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைத் தேடிச் செல்வதும், அங்கே இடிபாடுகளையன்றி வேறொன்றும் காணாது திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. அவர்கள் முதுநகரின் தேவாலயங்களுக்கும் பழைய கல்லறைத் தோட்டங்களுக்கும் செல்வார்களாயின், கோட்டை சொல்லாமற்போன கதையின் பெரும்பகுதியை அங்கே கேட்டறியலாம் என்பது என் துணிபு.

1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் மராத்தியரிடமிருந்து இக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியைச் சுற்றிலும் சுட்டு, குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்களையெல்லாம் தமக்குரியவையாகக் கொண்டனர். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரும் நிலைத்தது. குண்டினால் எல்லை வகுக்கப்பட்ட அம்மண்ணில் தெய்வ வழிபாட்டுக்குரிய இடமும் யுத்தத்தின் போக்கையே பின்பற்ற நேர்ந்ததில் வியப்பில்லை.

1737இல் சார்டோரியஸ், கைஸ்டர் என்னும் ஜெர்மானியப் போதகர் இருவர் இங்கே ஊழியம் தொடங்கினர். தமிழை ஆர்வத்தோடு பயின்ற சார்டோரியஸ் மறு ஆண்டே கடலூரில் காலமானார். 1740இல் வந்து சேர்ந்த கீர்நாண்டர் சுவீடன் தேசத்தவர். ஹாலே நகரத்திலிருந்து அனுப்பப்பட்டவர். பிரெஞ்சுக்காரரோடு நடந்த முதல் யுத்தம் ஓய்ந்த பின்னர், 1749இல், கத்தோலிக்கக் குருமார் பகைவருக்கு அனுகூலமானவர்கள் என்று ஐயுற்ற ஆங்கிலேயர், அவர்களை வெளியேற்றி, அவர்களுடைய கோயிலைக் கீர்நாண்டரிடம் ஒப்படைத்தனர். கீர்நாண்டரின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. எனினும் மாதாவின் சந்நிதியில் தலைமுறையாக மெழுகுவர்த்தி ஏற்றிவந்த எளிய ஜனங்கள், அரசியலாரின் ஓர் ஆணையினால் தங்கள் கோயிலை இழந்தது நியாயமென்று என் மனம் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டு, பிற்காலத்தில் தஞ்சை மன்னரின் நன்மதிப்பைப் பெற்ற ஷ்வார்ட்ஸ் ஐயர், இந்தியாவில் முதன்முதலாகக் கால்வைத்ததும் இக்கடற்கரையில்தான்.

கோயிலைக் கொடுத்த யுத்தமே அதைப் பெற்றவரையும் ஊரைவிட்டுத் துரத்தியது. 1758இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி கடலூரைப் பிடித்துக் கோட்டையைத் தகர்த்தெறிந்தபோது, கீர்நாண்டர் தரங்கம்பாடிக்குச் சென்று, அங்கிருந்து கல்கத்தாவை அடைந்து, பழைய மிஷன் ஆலயம் என்று வழங்கும் கோயிலை அந்நகரில் எழுப்பினார். கடலூரில் அவர் விட்டுச்சென்ற பணியை ஹூட்டமனும், 1767இல் வந்த கெரிக்கேயும் நடத்தினர்.

எல்லாவற்றிலும் துயரமிக்கது 1783ஆம் ஆண்டு. ஜூன் 13ஆம் தேதி ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை பிரெஞ்சு அரண்களைத் தாக்கியபோது, ஆங்கிலேயர் பக்கத்தில் மட்டும் சுமார் ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். ஒரு வாரத்துக்குப் பின் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரனும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் கடலிலே பொருதனர். ஆனால் ஐரோப்பாவில் அவ்விரு அரசுகளும் அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேயே பூர்வாங்க சமாதானத்தில் கையொப்பமிட்டுவிட்டன. அச்செய்தி கடல் கடந்து கடலூரை அடைய ஜூன் மாத இறுதியாயிற்று. ஐந்து மாதங்களுக்கு முன்னரே முடிந்துவிட்ட பகைக்காக உயிர்விட்டவர்களை எண்ணாமல் இவ்வூரின் கல்லறைத் தோட்டங்களைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

சிதம்பரமும் இவ்வினைக்குத் தப்பவில்லை. நடராஜப் பெருமானின் திருக்கோயில் மதில்களே அரணாக மாற்றப்பட்டிருந்தன. 1781 ஜூன் மாதம் அவற்றைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி ஸர் அயர் கூட் தோல்வியுற்றுப் பின்வாங்கி, ஜூலை முதல் தேதியன்று பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை வென்றார். அப்பரங்கிப்பேட்டையில் டச்சு வர்த்தகர்களின் கல்லறைகளும் உண்டு. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என வரிசையாக வந்து வாணிபம் செய்த அத்துறையில், பண்டசாலைகள் பெருமையிழந்த பின்னும் அவர்களது வரவுக்குச் சாட்சியாக நிற்பவை அவை.

1905இல் ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி சென்னை ராஜதானியின் கல்லறைச் சாசனங்களைத் திரட்டி வெளியிட்ட நூல், இத்துறையில் உழைப்போர்க்கு இன்றும் பேருதவி. ஆயினும் அது பெரும்பாலும் ஐரோப்பியரின் பட்டியல். போதகர்களோடு ஊர் ஊராக நடந்த தமிழ் உபதேசியார்களுக்கும், கும்பினியின் சம்பளத்துக்காக இரு பக்கத்துக் குண்டுகளுக்கும் மார்பு காட்டிய சிப்பாய்களுக்கும் செதுக்கிய கல் வைக்கும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு இருந்திருக்கும்? கடலூரின் முழுச் சரித்திரத்தை எழுத முற்படுவோர், கல்வெட்டுகளைப் படியெடுப்பதோடு நில்லாமல், சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் அடக்கப் பதிவேடுகளையும் ஏடு ஏடாகப் புரட்டி, அந்தத் தமிழ்ப் பெயர்களையும் தேடி எடுக்கவேண்டும்.