மதுக்கரைச் சிமெண்டும் கம்பித் துருவும்

சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் கொண்டு எழுப்பிய பழைய கட்டிடங்களில் இரும்புக்கு வேலை அதிகமில்லை. 1867-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, சிமெண்டுத் தொட்டிக்குள் இரும்புக் கம்பியைப் புதைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறை தொட்டியிலிருந்து தூணுக்கும் கூரைக்கும் பாலத்துக்கும் ஏறியது. 1934-ல் மதுக்கரையில் ஆலை எழுந்தபின் சிமெண்டு நம் கோவைக்குப் பக்கத்துச் சரக்காயிற்று. நமது ஆர்.எஸ்.புரத்திலும் ஓட்டு வீடுகளினிடையே டெரஸ் வீடுகள் பெருகின.

காங்கிரீட்டுக்கு அழிவே இல்லை என்று பலரும் நம்பினர். அதில் பாதி உண்மை. சிமெண்டிலுள்ள காரத்தன்மை, கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அது உள்ளவரை துரு அண்டாது. அதைக் கெடுப்பவை இரண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊடுருவிக் காரத்தைத் தணிக்கும். மற்றது உப்பு. கடல் நமக்குத் தூரம்தானே எனலாம்; உப்பேறிய ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கலவை போட்டால் கடலை நாமே அழைத்து வந்ததாகும். கம்பி கட்டிய காங்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர விதி. சிறுவாணித் தண்ணீரில் கட்டியவர்கள் கொடுத்து வைத்தவர்கள்!

துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ள, கம்பி ஓடும் வழியே விரிசல் விழும். பின்பு காரை பெயரும். மேற்பார்வைக்கு நன்றாயிருக்கும் கூரையில் கீழே மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது இது சிறிய செய்தியன்று.

ஆலயங்களும் இதற்குத் தப்பவில்லை. பாரிசுக்கு அருகே ல ரான்சி என்னும் ஊரில், கையில் பணம் குறைந்த பங்கு ஒன்றுக்காகச் சிற்பி ஓகுஸ்த் பெரே 1923-ல் அன்னை மரியாவின் ஆலயத்தைக் காங்கிரீட்டிலேயே கட்டி முடித்தார். உலகெங்கும் புகழ் பெற்ற அவ்வாலயமும் பிற்காலத்தில் கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் உதிர்ந்து, பெரும் பழுதுபார்ப்புக்கு உள்ளாயிற்று. மலிவாய்க் கட்டியதன் பாக்கியைப் பேரர்கள் கட்டினார்கள் எனலாம்.

இந்நோயை ஆராயும் கூடம் நம் தமிழகத்திலேயே உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் 1953 சனவரி 14 அன்று மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. உப்புக்காற்று வீசும் மண்டபம் கடற்கரையிலும் அது உலோக அரிமானத்தைச் சோதித்து வந்துள்ளது.

பெயர்ந்த இடத்தில் மேற்பூச்சு பூசி வெள்ளையடிப்பது நம் வழக்கம், திருவிழாவுக்குள் முடிந்துவிடும். நோயோ உள்ளேயே இருக்கும். கம்பியின் பின்புறம்வரை கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, அதன்பிறகே புதுக்கலவை வைக்க வேண்டும். அதற்கும் முன்னே மேல்தளத்தின் ஒழுக்கை நிறுத்த வேண்டும்.