நுங்கம்பாக்கம் முதல் 650 கிலோமீட்டர் உயரம் வரை

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் பழைய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே எழுப்பிய வானாய்வகத்தில் கருவியைத் தாங்கிய தூண் அது. லத்தீன், தமிழ், தெலுங்கு என்று பல மொழிகளில் அதன் மேல் எழுத்து பொறித்திருக்கிறார்கள். பெங்களூரில் தலைமையகம் கொண்டுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் வம்சாவளியை இந்தத் தூணிலிருந்துதான் எண்ணுகிறது. அந்த வம்சாவளியின் ஆகப் பிந்திய வாரிசுகளில் ஒன்று, தரையிலிருந்து 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் புற ஊதாத் தொலைநோக்கி. இரண்டுக்கும் நடுவே நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், காற்றை விட்டு விலகி விலகிப் போன கதை.

நுங்கம்பாக்கக் காலத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் இங்கிருந்தே 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஏசியா' என்று பெயர் வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் 'ஆர் ரெட்டிக்குலி' என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டார். போக்சனைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ரகுநாதாச்சாரிக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

1876-78 பஞ்சத்துக்குப் பிறகு சூரியனுக்கும் பருவமழைக்கும் ஏதாவது உறவு உண்டா என்ற கேள்வி அரசாங்கத்தைக் குடைந்தது. சூரியனைத் தெளிவாகப் பார்க்கக் கடலோர நகரம் உதவாது. அதனால் 1899இல் பணி கொடைக்கானல் மலைக்கு ஏறியது. பத்தே ஆண்டில், 1909 ஜனவரியில், சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் அங்கே கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஆனால் இரவு வானத்துக்குக் கொடைக்கானல் அவ்வளவு தோதான இடம் அல்ல. மேகமும் மூடுபனியும் விடுவதில்லை.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற வைணு பாப்பு இரவு வானத்துக்கென்று வேறு மலை தேடினார். ஆலங்காயத்துக்கு அருகே, ஜவ்வாது மலையில் காவலூர் அமைந்தது. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான்; ஆனால் நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பதால் தென் வானமும் கைக்கு எட்டும். 1968 வாக்கில் அங்கே வேலை தொடங்கிய முதல் தொலைநோக்கியின் ஆடி 38 சென்டிமீட்டர், நம்மவர்களே செய்தது. இந்த 38ஐ வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய பதிவுகளில் காவலூர்ப் பதிவும் ஒன்று. பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் இயங்கத் தொடங்கியபோது பார்க்க அவர் இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார்.

பிறகு லடாக்கின் ஹான்லே, 4500 மீட்டர். அங்கே 2 மீட்டர் தொலைநோக்கி 2000இல் முதல் ஒளியைப் பிடித்தது. மலையேற்றம் அத்தோடு முடிந்தது. ஏனென்றால் மிகச் சூடான விண்மீன்கள் தங்கள் ஒளியில் பெரும்பங்கைப் புற ஊதாவில்தான் கொட்டுகின்றன. 300 நானோமீட்டருக்குக் குறைந்த அந்த ஒளியை ஓசோன் படலம் விழுங்கிவிடுகிறது. ஓசோன் இருப்பதோ எந்தச் சிகரத்துக்கும் மேலே. ஆகவே இனி ராக்கெட்தான்.

இஸ்ரோவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் ஏறிய 'யூவிட்' என்ற புற ஊதாத் தொலைநோக்கிக் கருவியைச் செய்யும் முதன்மைப் பொறுப்பு இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு வந்தது. புனேயின் அயூகா வானியல் மையம், மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனம், இஸ்ரோ ஆகியவை பங்காளிகள்; ஒளியுணரிகள் கனடா விண்வெளி முகமையின் கூட்டுறவில் உருவாயின. கருவியைப் பூட்டிச் சோதிக்கப் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில், எம்.ஜி.கே. மேனன் பெயரிலான ஆய்வகத்தில், மாசற்ற அறை ஒன்று கட்டினார்கள்.

இந்த அறையைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லலாம். தூசியைத் தடுப்பது ஒரு பங்குதான். பசை, பிளாஸ்டிக், மசகெண்ணெய் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் ஆவி ஆடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்தாலே போதும், புற ஊதா ஒளியை அது தின்றுவிடும். சாதாரணத் தொலைநோக்கியில் யாரும் கவனிக்காத அழுக்கு இங்கே கண்பார்வையையே பறித்துவிடும். ஆகவே உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் தேர்ந்தெடுத்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய பிறகும் யூவிட்டின் மூடிகளை உடனே திறக்கவில்லை. செயற்கைக்கோளிலிருந்து கசியும் ஆவியெல்லாம் வெட்டவெளியில் கலைந்து போகட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்து, நவம்பர் 30 அன்றுதான் திறந்தார்கள். திறந்த மூடியே பிறகு சூரிய ஒளிக்கு மறைப்பாகவும் நிற்கிறது.

யூவிட்டில் இரண்டு தொலைநோக்கிகள். ஒவ்வொன்றின் ஆடியும் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர்! ஜவ்வாது மலையில் தொடங்கிய அதே அளவு. ஒன்று தொலைப் புற ஊதாவையும் மற்றது அண்மைப் புற ஊதாவோடு கண்ணுறு ஒளியையும் பார்க்கும். நாஸாவின் கேலெக்ஸ் விண்வெளித் தொலைநோக்கி இதற்கு முன் புற ஊதா வானத்தை வாரியெடுத்தது உண்மைதான். ஆனால் அதன் படத்தில் ஒன்றாக ஒட்டிக்கிடந்த விண்மீன்களை யூவிட் பிரித்துக் காட்டுகிறது. கூர்மை மூன்று மடங்குக்கு மேல்.

அந்தக் கூர்மை கிடைக்கும் விதம் சுவையானது. செயற்கைக்கோள் அசையாமல் நிற்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல ஆடும். யூவிட் படத்தை மொத்தமாகப் பதிவதில்லை. வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளையும் தனித்தனியே, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று, நொடிக்கு ஏறத்தாழ 29 சட்டங்களாகக் குறித்துக்கொள்கிறது. அதே நேரத்தில் கண்ணுறு ஒளிப் பிரிவு தெரிந்த விண்மீன்களைப் பார்த்து ஆட்டத்தை அளந்துவைக்கும். தரைக்கு வந்த பிறகு கணினியில் ஆட்டத்தைக் கழித்து, துகள்களை அவற்றுக்குரிய இடத்தில் அடுக்குகிறார்கள். இதற்கு விலையும் உண்டு: பிரகாசமான விண்மீன் இருக்கும் பக்கம் கருவியைத் திருப்பவே கூடாது, உணரி கெட்டுவிடும். பூமியின் நிழலில் செல்லும்போது மட்டுமே பார்க்கலாம் என்பதால் ஒரு சுற்றில் கிடைப்பது அரை மணி நேரம்கூட இருக்காது.

முதலில் பார்த்த இலக்குகளில் ஒன்று என்ஜிசி 188 என்ற முதிய விண்மீன் கொத்து. கொத்தில் எல்லாம் ஒரே வயது. பெரிய, நீல விண்மீன்கள் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்து முதலில் விடைபெற வேண்டும். ஆனாலும் சில நீல விண்மீன்கள் வயதை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் புற ஊதா ஒளி கணக்குக்கு மீறி இருந்தது. பிரித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 6000 டிகிரி விண்மீனின் பக்கத்திலேயே 17,000 டிகிரி வெப்பமுள்ள துணை ஒன்று ஒளிந்திருப்பதாகத் தெரிந்தது. துணையிடமிருந்து வாயுவை வாங்கித்தான் இந்த விண்மீன் இளமையாயிற்று என்று அன்னபூரணி சுப்ரமணியம் குழுவினர் 2016இல் எழுதினார்கள். பின்னாளில் அவரே நிறுவனத்தின் இயக்குநரானார்.

இன்னொரு கண்டுபிடிப்பு அயூகாவின் கனக் சாஹா தலைமையிலான குழுவினுடையது. 2016 அக்டோபரில் வானத்தின் ஒரு சிறு பகுதியை யூவிட் 28 மணி நேரத்துக்கும் மேல் பார்த்தது. அரை அரை மணியாகச் சேர்த்த நேரம் அது. 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து, ஹைட்ரஜனையே சிதைக்கும் ஆற்றலுள்ள புற ஊதா ஒளி வந்திருந்தது. பிரபஞ்சத்தின் ஆரம்ப இருளை எவை கலைத்தன என்ற கேள்விக்கு இத்தகைய மண்டலங்களே சாட்சி. 2.4 மீட்டர் ஆடியுள்ள ஹப்பிளுக்குச் சிக்காதது 38 சென்டிமீட்டருக்குச் சிக்கக் காரணம், யூவிட் உணரியில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. முடிவைப் பலமுறை சரிபார்த்து 2020இல்தான் வெளியிட்டார்கள். அந்தத் தாமதம்தான் எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் மதிப்பைக் கூட்டியது.

ஆஸ்ட்ரோசாட்டின் தனிச்சிறப்பு வேறு: அதே செயற்கைக்கோளில் எக்ஸ் கதிர்க் கருவிகளும் உண்டு. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுவை எக்ஸ் கதிரிலும் புற ஊதாவிலும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது. நொடிக்கு நொடி மாறும் பொருள்களுக்கு இது மிக முக்கியம்.

எல்லாம் சுகமாகவே நடக்கவில்லை. 2018 மார்ச்சில் அண்மைப் புற ஊதாப் பிரிவு செயலிழந்தது, மீளவில்லை. தொலைப் புற ஊதாப் பிரிவு வேலையைத் தொடர்ந்தது. ஐந்தாண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பிய செயற்கைக்கோள் 2025இல் பத்தாண்டைத் தாண்டியது.

ஹொசகோட்டை ஆய்வகமும் சும்மா இல்லை. ஆதித்யா எல்1 விண்கலத்தின் சூரிய ஒளிவட்டக் கருவியையும் அங்கேதான் பூட்டிச் சோதித்து, 2023 செப்டம்பரில் விண்ணுக்கு அனுப்பினார்கள். கொடைக்கானலில் சூரியனைப் பார்த்த பரம்பரை அப்படித்தான் வான்வெளிக்குப் போயிற்று. அடுத்ததாக 'இன்சிஸ்ட்' என்ற பெயரில் ஒரு மீட்டர் ஆடியுள்ள விண்வெளித் தொலைநோக்கிக்கான திட்டத்தை நிறுவனம் முன்வைத்திருக்கிறது. யூவிட்டைப் போலவே புற ஊதாவில் பார்க்கும், ஆனால் ஹப்பிளுக்கு ஈடான கூர்மையோடு.