கம்பி போன பிறகு: கார்ட்லெஸ் போன் வந்த வரலாறும், அதை வைத்துக்கொள்ள வேண்டிய முறையும்



ஃபைபர் இணைய இணைப்பு வந்த பிறகு, நம் வீடுகளின் கூடத்துக்கு ஒரு பழைய பொருள் திரும்பி வந்திருக்கிறது. இணையத்தோடு சேர்த்து ஒரு லேண்ட்லைன் எண்ணும் தருகிறார்கள். அதில் மாட்டுவதற்குப் பலர் புதிதாகக் கார்ட்லெஸ் போன் வாங்குகிறார்கள். சிலர் பரணில் கிடந்ததை எடுத்துத் துடைக்கிறார்கள். தொடுதிரை கைக்கு வராத பெரியவர்களுக்குப் பெரிய பட்டன் உள்ள போன் நல்ல வசதிதான். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, இங்கே தனியாக இருக்கும் தம்பதியருக்கு அது ஒரு துணை.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு மாட்டுங்கள். பழைய கறுப்பு போன் நாம் கேட்காமலேயே மூன்று வேலைகளைச் செய்து தந்தது. கார்ட்லெஸ் போனில் அவை தாமாக நடப்பதில்லை. அவை என்ன, எப்படிப் போயின, அவற்றை எப்படி ஈடுகட்டுவது என்பதே இந்தக் கட்டுரை.

கம்பி இலவசமாகத் தந்தவை

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-ல். ஆறே ஆண்டில், 1882 ஜனவரி 28 அன்று, கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் அடிப்படை ஏற்பாடு மாறவே இல்லை. நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு ஜோடி செப்புக் கம்பி வரும். சுதந்திரத்துக்குப் பின் அந்தக் கம்பியின் முனையில் இருந்த கருவி பெரும்பாலும் பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் செய்தது. 1948-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை இருக்கும் இடத்துக்கே தூரவாணி நகர் என்று பெயர்.

அந்தக் கம்பியில் குரலோடு வேறு மூன்றும் வந்தன.

முதலாவது மின்சாரம். தொடக்க காலப் போன்களில் உள்ளேயே பேட்டரி இருந்தது. பிறகு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாக வரத் தொடங்கியது. நிலையத்தில் பெரிய பேட்டரி வரிசையும் ஜெனரேட்டரும் உண்டு. அதனால் தெருவே இருண்டு கிடந்தாலும் போன் மட்டும் அடிக்கும்.

இரண்டாவது ரகசியம். உங்கள் பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் ஒருவர் கம்பம் ஏறியோ, பெட்டியைத் திறந்தோ உங்கள் கம்பியைத் தொட வேண்டும்.

மூன்றாவது கணக்கு. உங்கள் எண்ணிலிருந்து பேச வேண்டுமானால் உங்கள் கம்பியின் முனைக்கு வந்தாக வேண்டும். நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் போன் டயலில் ஒரு சிறிய பூட்டு தொங்கும். சாவி மேலாளரின் மேஜை டிராயரில் இருக்கும். அந்த ஒரு பூட்டே போதுமான காவலாக இருந்தது.

கம்பியை விட்டு வெளியே வந்த போன்

கார்ட்லெஸ் போனின் தத்துவம் எளிது. கம்பி வீட்டுக்குள் வந்து ஒரு பேஸ் பெட்டியில் நின்றுவிடும். பேஸுக்கும் கையில் உள்ள ஹேண்ட்செட்டுக்கும் இடையே ரேடியோ அலை. உண்மையில் அது இரண்டு குட்டி வானொலி நிலையங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்வீகர்ட் என்ற அமெச்சூர் ரேடியோ ஆர்வலர் இதற்காக 1966-ல் விண்ணப்பித்து, 1969-ல் காப்புரிமை பெற்றார். கடைச் சரக்காக அது பரவியது 1980களில்.

பரவியதும் தொல்லைகள் தெரிந்தன. அந்தக் கால அனலாக் போன்கள் குரலை அப்படியே, எந்த மறைப்பும் இல்லாமல் அலையில் அனுப்பின. பக்கத்து வீட்டு ஹேண்ட்செட்டிலும், அலைவரிசை தேடும் ரேடியோவிலும் அது தெளிவாகக் கேட்டது. அமெரிக்காவில் 1986-ல் வந்த தகவல்தொடர்பு ரகசியச் சட்டமே கார்ட்லெஸ் போனின் ரேடியோப் பகுதியைப் பாதுகாப்பிலிருந்து விட்டுவிட்டது. காற்றில் போவதை யார் கேட்டாலும் குற்றமில்லை என்ற நிலை. அந்த விலக்கை 1994-ல்தான் நீக்கினார்கள்.

இன்னொரு தொல்லை பணத்தைத் தொட்டது. ஒரே அலைவரிசையில் இயங்கும் அடுத்த வீட்டு ஹேண்ட்செட்டை எடுத்தால், சில சமயம் உங்கள் பேஸ் அதற்கு டயல்டோன் கொடுத்துவிடும். பேசுவது அவர், பில் உங்களுக்கு. இதற்கு மருந்தாகத்தான் பேஸும் ஹேண்ட்செட்டும் தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்ளும் முறை வந்தது. வங்கியில் மாதிரிக் கையெழுத்தைச் சரிபார்ப்பது போல, எண் பொருந்தினால்தான் லைன் திறக்கும்.

எல்லையோர ஊரில்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் அமைந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980களில் ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலை வந்தால் போன் வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு தொலைத்தொடர்பு வட்டம். நமக்கு 04344, அவர்களுக்கு 080. எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதலில் வந்தது 1960-ல், லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே. அது நம்மைப் போன்ற ஊர்களின் அன்றாடமாக ஆனபோது, இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதற்காக மஞ்சள் பூத் வாசலில் காத்து நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு அழைப்பும் காசாக இருந்த அந்தக் காலத்தில் உங்கள் லைனில் வேறொருவர் பேசுவது சிறிய விஷயம் அல்ல.

தொலைபேசிக் கருவிகளைத் தனியார் தயாரிக்க 1984-ல் அரசு அனுமதித்தது. பீட்டெல் பட்டன் போன்களும், பின்னர் கார்ட்லெஸ் போன்களும் வந்தது இந்த வழியில்தான். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த உறவினர் பெட்டிகளிலும் நீண்ட ஏரியல் வைத்த கார்ட்லெஸ் போன்கள் வந்து இறங்கின.

கைபேசி வந்த பிறகும் எல்லையோர வீடுகளில் லேண்ட்லைனுக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. ஜூஜூவாடிப் பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே கைபேசி கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் கட்டணம் ஏறும். பெரிய நிறுவனங்கள் 2017-ல் அந்தக் கட்டணத்தைக் கைவிட்ட பிறகே இந்தக் கவலை தீர்ந்தது.

டெக்ட் என்ற தரம்

1992-ல் ஐரோப்பியத் தொலைத்தொடர்பு தர நிறுவனம் டெக்ட் என்ற டிஜிட்டல் கார்ட்லெஸ் தரத்தை வெளியிட்டது. இன்று நம் கடைகளில் விற்கும் கார்ட்லெஸ் போன்கள் பெரும்பாலும் இந்த வகை. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குபவை. பத்து அலைவரிசை, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு நேரக் கூறு என 120 வழிகள் இருக்கின்றன. காலியான வழியைக் கருவியே தேடிக்கொள்ளும். ஒரே கட்டடத்தில் இருபது வீடுகளில் இருபது போன் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாததற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தரத்தை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990களில் ஒரு பெரிய வேலை செய்தது. நிலையத்திலிருந்து வீடு வரை செப்புக் கம்பி இழுப்பதுதான் கிராமங்களுக்குப் போன் தருவதில் பெரிய செலவு. ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரை, வீட்டுக்குள் ஓடும் டெக்ட் அலையையே நீட்டி இணைப்பு தரலாம் என்று அவர்கள் காட்டினார்கள். சென்னையின் மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவான அந்த அமைப்பின் பெயர் கார்டெக்ட். பேசிக்கொண்டே இணையமும் பார்க்கலாம். கைபேசி மலிவானதும் அதன் தேவை குறைந்தது. ஆனாலும் வீட்டு போனின் தொழில்நுட்பம் கிராமத்துக்குக் கதவு திறந்த கதை நம் மாநிலத்தில் நடந்தது.

டெக்ட் தரத்தில் பேச்சைச் சங்கேதமாக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் அதைப் பயன்படுத்தவில்லை. 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஒரு குழு, மடிக்கணினியில் செருகும் ஒரு மலிவான அட்டையைக் கொண்டு டெக்ட் பேச்சைக் கேட்டுக் காட்டியது. காரணம், பல போன்களில் சங்கேதம் இயக்கப்படவே இல்லை. பூட்டு இருந்தது, யாரும் பூட்டவில்லை. அதன் பிறகு தரமும் இறுக்கப்பட்டது. நம் நாட்டிலோ, தொலைபேசிப் பேச்சு அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் காக்கும், ஆனால் காற்றில் போகும் அலையை நாமும் கொஞ்சம் காக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மின்சாரம்: இதுதான் முக்கியம். கரண்ட் போனால் பேஸ் செத்துவிடும். ஹேண்ட்செட்டில் முழு சார்ஜ் இருந்தும் பயனில்லை. முன்பு ஒரு கம்பி போனை இணையாக மாட்டினால் போதும் என்பார்கள். ஃபைபர் இணைப்பில் அதுவும் போதாது. ஃபைபர் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் வராது. சுவரில் உள்ள ஃபைபர் பெட்டி அணைந்தால் கம்பி போனும் அணையும். ஆகவே ஃபைபர் பெட்டி, போன் பேஸ் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனிலோ சிறிய யு.பி.எஸ்.ஸிலோ மாட்டுங்கள். யு.பி.எஸ். வாங்கும்போது அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் பொருந்துகிறதா என்று பாருங்கள். நம் பொது ஜெனரேட்டர் உங்கள் வீட்டில் எந்த பிளக்குக்கு மின்சாரம் தருகிறது என்பதை எலக்ட்ரீஷியனிடம் இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். நெஞ்சு வலி வரும் இரவில் 108-ஐ அழைக்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2. பேட்டரி: ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் பேட்டரியை மட்டும் போடுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல்லைப் போட்டுச் சார்ஜ் செய்தால் கசியும், வெடிக்கவும் கூடும். முதல் முறை கையேடு சொல்லும் நேரம், பொதுவாக ஏழு மணி நேரமளவு, முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். ஒரே இரவில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

3. இடம்: வீட்டின் நடுவில், சற்று உயரமாக, இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், வைஃபை ரூட்டர் இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பெட்டியில் 50 மீட்டர் என்று போட்டிருந்தாலும் கான்கிரீட் சுவர்கள் அதைக் குறைத்துவிடும். பேஸ்மேகர் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ரகசிய எண்: பல கருவிகளில் ஆலையில் வைத்த எண் 0000. முதல் நாளே மாற்றுங்கள். பழைய ஹேண்ட்செட்டைக் கொடுக்கும் முன் பேஸில் அதன் பதிவை நீக்குங்கள்.

5. வங்கி விவகாரம்: ஏரியல் நீட்டும் பழைய அனலாக் போன் எதையும் வங்கிக்குப் பேசப் பயன்படுத்தாதீர்கள். நீங்கள் அழுத்தும் பட்டனின் ஒலியிலிருந்தே பின் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். டிஜிட்டல் போனானாலும் ஓ.டி.பி.யை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

6. அமெரிக்கப் போன்: அங்கிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் 'டெக்ட் 6.0' போனை இங்கே மாட்ட வேண்டாம். அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. நம் நாட்டில் அது கார்ட்லெஸ் போனுக்கான அலைவரிசை அல்ல. உங்கள் போன் மற்றச் சேவைகளின் சிக்னலைக் கெடுக்கக்கூடும்; அனுமதியில்லாத அலைவரிசையில் கருவி இயக்குவது குற்றமும்கூட. அதன் அடாப்டர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் புகைந்துபோகும்.

7. இடி மின்னல்: சித்திரை, வைகாசி மாலைகளில் நம் ஊர் இடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கம்பி போனில் பேசுவதைவிட ஹேண்ட்செட்டில் பேசுவது பாதுகாப்பு. ஆனால் பேஸின் அடாப்டரையும், செப்புக் கம்பி இருந்தால் அதையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

8. இன்டர்காம்: நம் இன்டர்காம் சாதாரண போன் லைன் வகையானால், அதிலும் கார்ட்லெஸ் போன் மாட்டலாம். படுக்கையில் இருக்கும் பெரியவர் எழாமலேயே வாசல் காவலரிடம் பேசலாம். மாட்டும் முன் பராமரிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள் மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு உங்கள் போனிலிருந்து அடுத்த வீட்டுக்கு அழைத்துப் பாருங்கள். மணி அடித்தால் எல்லாம் சரி. அடிக்காவிட்டால் அந்த வாரமே சரி செய்யுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் பக்கத்து வீட்டு இளைஞர்கள் இதைச் செய்து கொடுத்தால் பெரிய உதவி.