கப்பல் பட்டியலும் துண்டுச் சீட்டும்

வெண்ணந்தூர் தறிக்காரர் தெருக்களில் யாரைக் கேட்டாலும் பாட்டன் பெயர் தெரியும். பேரனுக்கு அதையே வைத்திருப்பார்கள். அதற்கு மேல் ஒரு படி ஏறச் சொன்னால், 'அதெல்லாம் யாருக்குங்க தெரியும்' என்று தறிப் பக்கம் திரும்பிவிடுவார்கள். நம்மிடம் குடும்பப்பெயர் கிடையாது. அப்பன் பெயரின் முதலெழுத்து அடுத்த தலைமுறையில் உதிர்ந்துபோகும். பிழைக்கப் போனவனின் வம்சத்தைத் தேடுவது என்ற காரியத்தை இங்கிருந்துதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

1850களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறிய பெல்ஜியம் நாட்டு விவசாயிகளின் சந்ததிக்கு இந்தச் சிக்கல் குறைவு. மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவு, அரசாங்கப் பிறப்புப் பதிவு என்று ஊரே அவர்களை எழுதி வைத்திருந்தது. நம் ஆட்களை ஊர் எழுதவில்லை. வெள்ளைக்காரன் எழுதினான், அதுவும் அவனுக்குத் தேவைப்பட்டபோது.

1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர்; ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. சரித்திர ஆர்வத்தால் எழுதியதல்ல இது. ஒப்பந்தத்தை மீறி ஓடுகிறவனைப் பிடிக்க உதவும் அங்க அடையாளம். கண்காணிப்பின் பிரதியைத்தான் இன்று கொள்ளுப்பேரன் வம்சாவளியாக வாசிக்கிறான். வாசிப்பதிலும் வில்லங்கம் உண்டு. காதில் விழுந்தபடி குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியதில் ஊர்ப்பெயர் சிதைந்திருக்கும். கவுண்டர் அங்கே 'கோவெண்டர்' ஆகிவிட்டார். 'சேலம் ஜில்லா' என்றிருந்தால் அது இன்றைய சேலமும் அல்ல. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் கிருஷ்ணகிரி 2004இலும் பிரிந்தன. திருப்பத்தூர்கூட ஒரு காலத்தில் சேலத்தோடுதான் இருந்தது.

1871இல் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்துக்கும் மேல். 1881இல் சுமார் 16 லட்சம். நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். சோற்றுக்கே வழியில்லாதபோது துணி வாங்குவார் யார்? நெசவாளி முதலில் விழுந்தான். செத்தவர் எத்தனை, போனவர் எத்தனை என்று அந்த எண்கள் பிரித்துச் சொல்வதில்லை.

இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தும் தோணியேறியும் போனவர்கள் இந்த அளவுக்குக்கூட எழுதப்படவில்லை. அங்கே கங்காணி இருந்தார், 'துண்டு' இருந்தது. கூலியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டு அது. 1921இல் ஒழிக்கப்பட்டது. அவர்களைப் பற்றிய முக்கியக் காகிதமே கடன் காகிதம்தான். இப்படிப் போனவர்களின் பிள்ளைகளைத்தான் 1948ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம் கேட்டது: அப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? காட்டு. லயத்து அறையில் பிறந்தவன் எதைக் காட்டுவான்? 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்க 1974 ஆயிற்று. கடைசியில் எஞ்சியோருக்கு 1988, 2003 சட்டங்கள்தான் கை கொடுத்தன.

டர்பன்காரருக்கு மூதாதையைத் தேடுவது ஆசை. தோட்டக்காரருக்கு அது ஒரு அரசாங்கம் வைத்த பரீட்சை. இரண்டையும் 'வேர்கள்' என்று ஒரே சொல்லில் அடக்கிக் கட்டுரை எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

பட்டியலின் நகலோடு நம் பக்கம் வந்து இறங்குகிறவரிடம் டீக்கடையில் முதலில் என்ன கேட்பார்கள்? 'நீங்க என்ன ஆளுங்க?' பதில் அவர் கையிலேயே இருக்கிறது, சாதி என்ற கட்டத்தில். கப்பலேறும் இடத்தில் வேறு சாதி சொன்னவர்களும் உண்டு. சிலர் அந்தக் கேள்வி பொறுக்காமலேதான் கப்பலேறினார்கள்.