பந்திக்கு எத்தனை இலை?

திருமண வரவேற்பில் மேசைக்கு எத்தனை பேரை உட்கார வைப்பது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்கு அண்மையில்தான் வந்தது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக இங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு: எத்தனை இலை விழும், எத்தனை பந்தி ஓடும்? கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. மேசைக்கு ஆள் ஒதுக்க வேண்டுமென்றால் யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டித் தெரிய வேண்டும். நம் கல்யாணப் பத்திரிகை சுற்றமும் நட்பும் சூழ வரச் சொல்கிறதே தவிர, எத்தனை பேர் என்று கேட்பதில்லை. பத்திரிகை வைத்த வீட்டிலிருந்து ஒருவரும் வரலாம், ஏழு பேரும் வரலாம். வருகிறோம் என்று யாரும் எழுதித் தெரிவிப்பதில்லை, தெரிவிக்கவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதும் இல்லை. இப்படித் தலைக்கணக்கு தெரியாத கூட்டத்துக்கு முகம் கோணாமல் சோறு போட நம் முன்னோர் கண்ட ஏற்பாடுதான் பந்தி. இதை மறந்துவிட்டுப் பந்தியையும் மேசையையும் ஒப்பிட்டால் பந்தி ஒழுங்கற்றதாகத்தான் தெரியும்.

பந்தி என்ற சொல்லே இதற்குச் சாட்சி. வடமொழி 'பங்க்தி'யின் தமிழ் வடிவம் அது. ஐந்து என்ற எண்ணை ஒட்டிப் பிறந்த சொல்; ஐந்து அடிகளால் ஆன வேத யாப்பு ஒன்றுக்கும் அதுவே பெயர். நம்மிடம் வந்து தங்கியபோது எண் உதிர்ந்துபோய் வரிசை என்ற பொருள் மட்டுமே நின்றது. நம்மவர்களுக்கு எண்ணி உட்கார வைக்கத் தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பார்த்திவசேகரபுரம் கோயிலோடு சேர்ந்து ஒரு வேதச் சாலை இருந்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் அதற்கு 866ஆம் ஆண்டில் கொடுத்த செப்பேடு, அங்கே உண்டு படிக்கும் மாணவர்களுக்கு 95 கலம் என்று வரையறுத்து, அதையும் மூன்று வேதப் பிரிவுகளுக்கு 45, 36, 14 என்று பங்கிட்டிருக்கிறது. கலம் என்றால் உண்கலம்; ஒரு கலம் ஓர் இடம். நிலத்தின் விளைச்சல் இவ்வளவு, ஆகவே உண்பவர் இத்தனை பேர் என்ற கணக்கு அறக்கட்டளைக்குப் பொருந்தும். கல்யாண வீட்டுக்கு அது பொருந்தாது. வாசலில் வந்து நிற்பவரிடம் 96ஆவது கலம் இல்லை என்று சொல்ல எந்தப் பெண்வீட்டாராலும் முடியாது.

எண் இல்லையென்றாலும் பந்திக்கு அளவு உண்டு. அந்த அளவைத் தீர்மானித்தவர் விருந்தாளி அல்லர், பரிமாறுகிறவர். தரையில் நீளப் பந்திப்பாயோ ஜமக்காளமோ விரித்து, ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்தால் ஒருவருக்கு இரண்டடி அகலம் வேண்டும். எதிரெதிர் வரிசைகளுக்கு நடுவே, வாளியும் கரண்டியுமாக ஒருவர் குனிந்தபடியே நகர்ந்துபோக நடை வேண்டும். நுனி இடப்பக்கம் இருக்க இலை போட்டாயிற்று. உப்பு, ஊறுகாய், கறி, கூட்டு விழுந்தாயிற்று. சோறும் பருப்பும் நெய்யும் வந்தாயிற்று. இனிச் சாம்பார் வாளி கிளம்புகிறது. ஓர் இலைக்கு ஐந்து விநாடி என்று வைத்துக்கொண்டால் ஐம்பதாவது இலைக்குப் போய்ச்சேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் முதல் இலைக்காரர் சாம்பார்ச் சோற்றை முடித்து ரசத்துக்காகக் குழி பறித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்; கடைசி இலைக்காரர் வெறுஞ்சோற்றைப் பிசையாமல் காத்திருப்பார். பக்கத்து இலைக்காரர் முடிக்கும் முன் எழுவது மரியாதை இல்லை என்பதால், வரிசை முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ஆகவே கூடம் எவ்வளவு நீளமானாலும், இத்தனை இலைக்கு ஒரு வாளி என்று வரிசையைத் துண்டுபோட்டுத்தான் ஆக வேண்டும். வாளி எவ்வளவு கொள்ளும், கை எவ்வளவு தூரம் தாங்கும், சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பவைதான் எண்ணை வைத்தன. யார் யாரோடு பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

பிறகு கல்யாண மண்டபங்களுக்கு மேசை வந்தது. பலர் இதை மேற்கத்திய வழக்கம் நுழைந்ததாக எண்ணுகிறார்கள். மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை உற்றுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அங்கே நீளமான, ஒடுக்கமான மேசைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போடப்பட்டு, பேப்பர் ரோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்து விடப்பட்டிருக்கும். நாற்காலிகள் ஒரு பக்கம் மட்டுமே. எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர்களுக்கு. ஐரோப்பிய விருந்தில் பரிமாறுபவர் உண்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து தட்டை வைப்பார். மேசையின் எதிர்ப்பக்கத்தில் உரையாட ஆள் இருப்பார். வாழையிலைக்கு அது ஒத்துவராது. இருபது வகையையும் இலையில் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும், ரசத்தைச் சிந்தாமல் குழியில் ஊற்ற வேண்டும், இன்னும் கொஞ்சம் என்றோ போதும் என்றோ சொல்கிற கையைப் பார்க்க வேண்டும். எதிரில் நின்றால்தான் இதெல்லாம் முடியும். ஆகவே நம் மண்டபத்து மேசை, கால் முளைத்த தரை. முழங்கால் வலிக்கும் முதியவருக்கும், நாள் முழுதும் குனிந்து பரிமாறியவரின் இடுப்புக்கும் அது நல்லது செய்தது. பந்தியை அது மாற்றவில்லை. ஆறடி மேசையில் மூன்று இலை தாராளம், நான்கு நெருக்கம் என்பது இலையின் அகலம் சொல்லும் கணக்கு. சமையல் ஒப்பந்தக்காரர் இன்றும் இலைக் கணக்கில்தான் கூலி பேசுகிறார்.

பந்தியை இப்படிப் போற்றுவது அதன் கொடுமையை மூடி மறைப்பதாகாதா என்று ஒருவர் கேட்டால், கேட்பது நியாயம். எண்ணுக்கு எல்லை வைக்காத பந்தி, ஆளுக்கு எல்லை வைத்தது. எந்தச் சாதி எந்த வரிசையில், எந்தக் கூடத்தில், வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பது இலை விழும் முன்பே முடிவாகியிருந்தது. பந்தியில் உட்காரவே வேண்டாம் என்கிறபோது இலை பொத்தல் என்றானாம் என்ற பழமொழிக்குப் பின்னால், உட்காரவிடாமல் எழுப்பப்பட்டவர்களின் அனுபவம் இருக்கிறது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் சேர்த்து உண்ண வைத்ததும், வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை திறந்ததும், கேரளத்துச் செறாயியில் 1917இல் சகோதரன் அய்யப்பன் கலப்பு விருந்து நடத்தியதும் இந்த எல்லையின்மேல் விழுந்த அடிகள். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் காங்கிரஸ் நிதியும் பெற்றது. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியே சாப்பாடு போட்டதுதான் 1925வாக்கில் வரதராஜுலு நாயுடுவையும் பெரியாரையும் கொதிக்க வைத்தது. 1925 நவம்பரில் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேற உடனடிக் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம்தான். ஆனால் குருகுலத்துச் சாப்பாட்டுக் கூடம் அதற்கு முன்பே கசப்பை ஊட்டியிருந்தது. இரண்டு இலையைத் தள்ளிப் போட்டது ஒரு மாநிலத்தின் அரசியலைத் திருப்பிவிட்டது என்றால், இலை எங்கே விழுகிறது என்பது சில்லறைச் செய்தியா? இவர்கள் யாரும் பந்தியை ஒழிக்கக் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கேட்டது சமபந்தி. அதே வரிசை, ஆனால் எல்லோருக்கும். அறநிலையத் துறைக் கோயில்களில் ஆகஸ்ட் 15 அன்றும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் நடக்கும் பொது விருந்து அந்தக் கோரிக்கையின் தொடர்ச்சி.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் கைவைத்து நிற்பது இருவருக்குமே அவமானம். மேசைக்கு இத்தனை பேர், இவருக்கு இந்த மேசை என்று எழுதி வைத்தால் இது தீரும் என்கிறார்கள். அவமானம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அது பந்தியின் இயல்பு அல்ல, நேரம் சுருங்கியதன் விளைவு. ஐந்து நாள் கல்யாணம் ஒரு நாளானது. ஊர்க்கூட்டம் முழுவதும் மாலை வரவேற்பின் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்து, மேடையேறி, உண்டு, திரும்ப வேண்டியதானது. மேசைக்கணக்கு நன்றாக நடக்கும் இடங்கள் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீன விருந்துக்கு மேசைக்கு இவ்வளவு என்றுதான் விலை. வட்ட மேசைக்குப் பத்துப் பேர். நடுவில் வைக்கும் ஒரே பாத்திரத்து மீனைப் பத்துப் பேர் எடுத்துக்கொள்கிற உணவு அது. ஆள் குறைந்தால் வீண், கூடினால் போதாது. அங்குள்ள தமிழர் கல்யாணங்களிலும் அந்த வட்ட மேசை வந்திருக்கிறது. வருகையை முன்கூட்டிச் சொல்லும் பழக்கமும் கூடவே வந்தால் அது சரியாகவே நடக்கும். பழக்கம் வராமல் மேசை மட்டும் வந்தால், ஒரு மேசையில் மூன்று பேர் வெறித்துப்பார்த்து உட்கார்ந்திருக்க, இன்னொன்றில் பதிமூன்று பேர் நெருக்குவார்கள்.

மேசை சிறிதாகச் சிறிதாக எனக்கு வேறொரு கவலை வருகிறது. ஒரே வரிசையில் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் பரிமாறுவதற்குத் தமிழில் பந்திவஞ்சனை என்று தனிப்பெயர் உண்டு. பெரும் பழியாக அது கருதப்பட்டது. வரிசையில் அது உடனே அகப்பட்டுவிடும், பக்கத்து இலை கண்ணுக்கு நேரே இருப்பதால். வட்ட மேசைகளாகக் கூடத்தைப் பிரித்து, முக்கியப் பிரமுகர்களுக்கென்று ஓர் அறையையும் ஒதுக்கிவிட்டால், எந்த மேசைக்கு எது போனது என்று அடுத்த மேசைக்குத் தெரியாது. குற்றம் போகவில்லை, காட்டிக்கொடுக்கும் பக்கத்து இலை போய்விட்டது.

எல்லாப் பந்தியும் எழுந்த பிறகு ஒன்று நடக்கும். விருந்தினர் அனைவரும் உண்டார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் கல்யாண வீட்டார் உட்காருவார்கள். நாகசுரக்காரரும் தவில்காரரும் உண்ணாமல் இருந்தால் அவர்களுக்கும் அப்போது இலை விழும். அவர்களுக்குப் பின் சமையல்காரர்களும், காலையிலிருந்து வாளி தூக்கியவர்களும். கடைசிப் பந்திக்கு இத்தனை இலை என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்து, இலைக்கட்டில் மீதமிருப்பவற்றை எடுத்துப் போடுகிறார்கள்.